எரிந்தால்தான் ஆஃப்டர்ஷேவா?

குரல்வளைக்குக் கீழே, சட்டைக் காலர் உரசுகிற இடத்தில் விரலை வைத்துத் தடவினால் கேழ்வரகைக் கொட்டி ஒட்டியது மாதிரி இருக்கும் எனக்கு. 2011-ல் சென்னையில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்தபோது ஆரம்பித்தது, மூன்று வருடம் விடவில்லை. திருச்சியில் காலேஜ் படிக்கும்போது வாரத்துக்கு ஒரு நாள், மனசு வந்தால் இரண்டு நாள் சவரம் செய்கிற ஆள் நான். ஹோட்டலில் அந்தக் கதை நடக்காது. காலை ஷிப்ட் என்றால் ஆறரைக்கு வரிசையாக நிற்கவைத்து நகம், ஷூ, தாடை எல்லாம் பார்ப்பார்கள். தாடையில் லேசாக நிழல் தட்டினாலும் லாக்கர் அறைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அங்கே ஒரு டப்பா நிறைய தூக்கியெறிகிற ரேசர் இருக்கும், தண்ணீரை மட்டும் தொட்டு இழுத்துக்கொண்டு வர வேண்டியதுதான்.

அதற்குப் பயந்து நான் வீட்டிலேயே ஒட்ட வழிக்கப் பழகினேன். பழகினேன் என்பதைவிட, தப்பாகச் செய்யக்கூடியது அத்தனையையும் ஒரே கண்ணாடி முன்னால் செய்தேன் என்று சொல்லலாம். குளியல் சோப்பைக் கையில் குழைத்துப் பூசுவேன். மூன்று பிளேடு வைத்த ரேசரை எடுத்துக் கழுத்தில் கீழிருந்து மேலாக, முடிக்கு எதிராக, இடது கையால் தோலை இறுக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒரே இடத்தில் நாலு தடவை. கார்ட்ரிட்ஜ் விலை கட்டுப்படியாகாது என்பதால் ஒன்றையே ஒன்றரை மாதம் ஓட்டுவேன், அது குளியலறை ஈரத்திலேயே கிடக்கும். கடைசியில் உள்ளங்கை நிறைய ஆஃப்டர்ஷேவ் ஊற்றி இரண்டு கன்னத்திலும் கழுத்திலும் பட் பட்டென்று அறைந்துகொள்வேன். சுர்ரென்று ஏறும், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அப்பா அப்படித்தான் செய்வார், சின்ன வயதிலிருந்து கதவோரம் நின்று பார்த்திருக்கிறேன். "எரிஞ்சாத்தான்டா கிருமி சாகும்" என்பார். எனக்கும் அந்தக் காந்தல் இல்லாவிட்டால் சவரம் முடிந்த மாதிரியே இருக்காது.

முதலில் சிவந்த பொரி. அப்புறம் நுனியில் சீழ் வைத்த சின்னச் சின்னக் கொப்புளம். அது அடங்கிய இடத்தில் கருப்புப் புள்ளி. ஒரு வருடத்தில் கழுத்தே தனி நிறமாகிவிட்டது, டை கட்டினால் அந்த இடம் மேலும் உரசும். பரு என்று நினைத்து பரு சோப்பு போட்டேன். கிருமி என்று நினைத்து ஆஃப்டர்ஷேவை இன்னும் கொஞ்சம் அதிகமாக ஊற்றினேன், புரிகிறதா, எது எரிச்சலைக் கூட்டியதோ அதையே மருந்தாக.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. மெடிக்கல் ஷாப்பில் கழுத்தைக் காட்டிக் கேட்டதற்கு ஒரு டியூப் கொடுத்தார்கள். இரண்டே நாளில் சிவப்பெல்லாம் இறங்கிவிட்டது, எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. நிறுத்தினால் மூன்றாம் நாள் முன்னைவிட மோசமாகக் கிளம்பும், மறுபடி போடுவேன், அடங்கும். இப்படி நாலு மாதம் ஓடியது. அது ஸ்டீராய்டு களிம்பு என்று பிற்பாடுதான் தெரிந்தது. விடாமல் போட்டால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் வெளியே தெரிந்து, பருவும் கிளம்பும். நம் ஊரில் இப்படி முகத்தைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்கள் அத்தனை பேர் என்பதால் தோல் மருத்துவர்கள் இதற்கு ஒரு தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். 2018-ல் மத்திய அரசு இந்த வகைக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்ற பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிற கடைகள் இருக்கின்றன. சவரம் செய்த இடத்தில் அரிப்போ பொரியோ வந்தால் பெயர் தெரியாத டியூபைத் தொடாதீர்கள், இந்த ஒன்றில் மட்டும் நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன்.

உண்மை தெரியவந்தது ஐயப்பன் புண்ணியத்தில். 2014 கார்த்திகையில் மாலை போட்டேன். விரதம் இருக்கும்போது சவரம் கிடையாது. மேனேஜர் முகத்தைச் சுளித்தாலும், வரவேற்பு மேசையிலிருந்து எடுத்து, ரிசர்வேஷன் போன் எடுக்கிற உள் அறையில் உட்காரவைத்துவிட்டார். முதல் பத்து நாள் கழுத்து அரித்துத் தீர்த்தது. இருபதாம் நாள் வாக்கில் புதிதாக ஒன்றும் கிளம்பவில்லை என்று கவனித்தேன். நாற்பத்தியொரு நாள் முடிந்து, மலைக்குப் போய் வந்து, மாலையைக் கழற்றிவிட்டு சலூனில் போய் உட்கார்ந்து தாடியை எடுத்தால், கழுத்து மழமழவென்று இருக்கிறது. கருப்புத் தழும்பு மட்டும் மிச்சம். எனக்கே நம்பிக்கை வரவில்லை, கையை எடுக்காமல் தடவிக்கொண்டே இருந்தேன். மறுநாள் வேலைக்குப் போக பழையபடி வழித்து பழையபடி ஊற்றினேன். நாலாம் நாள் கேழ்வரகு திரும்ப வந்துவிட்டது.

அப்போதுதான் தோல் டாக்டரிடம் போனேன். அவர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, ஊசி முனையால் ஒரு பொரியின் ஓரத்தை லேசாக நெம்பினார். வலிக்கவில்லை. உள்ளிருந்து ஒரு முடி வளைவாக மேலே எழும்பி வந்தது. அதைக் கத்தரித்து டிஷ்யூ காகிதத்தில் வைத்துக் காட்டினார், காற்புள்ளி போட்ட மாதிரி கிடந்தது. "இது பரு இல்லைங்க. உங்க முடியே உங்களைக் குத்துது" என்றார்.

சுருட்டை முடிக்காரர்களுக்கு இது அதிகம் வருமாம். ஒட்ட வெட்டிய முடியின் நுனி ஈட்டி மாதிரி கூராக இருக்கும், வளைந்து வளர்கிறபோது பக்கத்துத் தோலிலேயே திரும்பக் குத்தி உள்ளே போகும், உடம்பு அதை வெளியாள் என்று நினைத்துச் சண்டை போடும், அதுதான் சிவப்பும் சீழும். பல பிளேடு வைத்த ரேசரில் இன்னொரு விஷயமும் இருக்கிறது: முதல் பிளேடு முடியைப் பிடித்துக் கொஞ்சம் வெளியே இழுக்கும், அது உள்ளே சுருங்குவதற்குள் அடுத்தது வெட்டும், வெட்டிய முடி தோல் மட்டத்துக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். 1971-ல் இரட்டை பிளேடு ரேசர் சந்தைக்கு வந்ததிலிருந்து "இன்னும் ஒட்ட" என்று விளம்பரம் செய்வது இதைத்தான். சாதாரண முடிக்காரர்களுக்கு நல்லது, என்னைப் போன்றவர்களுக்குக் கேடு. தோலை இழுத்துப் பிடித்து, எதிர்த்திசையில் வழிப்பதும் இதே காரியத்தைத்தான் செய்கிறது. நான் மூன்றையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தேன். இதற்கு வைத்தியமே மூன்று நாலு வாரம் சவரத்தை நிறுத்துவதுதான் என்றார் டாக்டர். மாலை போட்டதைச் சொன்னேன், சிரித்துவிட்டார்.

அப்போது ஆஃப்டர்ஷேவ்? அதைத்தான் நானும் கேட்டேன். முடி குத்தியதற்கு ஆஃப்டர்ஷேவ் காரணமில்லை, ஆனால் குத்துப்பட்ட இடத்தில் ஸ்பிரிட்டை ஊற்றுகிறீர்கள் என்றார்.

இந்த எரிச்சல் ஏன் வருகிறது என்று அப்புறம் தேடிப் படித்தேன், எனக்குப் பிடித்த சங்கதி இதுதான். நம் தோலின் நரம்பு முனையில் சூட்டை உணர்கிற ஒரு வாயில் இருக்கிறது, சுமார் 42 டிகிரிக்கு மேல் போனால் திறந்து "சுடுது" என்று மூளைக்குச் சொல்லும். மிளகாயின் காரமும் இதே வாயிலைத்தான் திறக்கிறது. அதைவைத்தே இந்த வாயிலைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் மருத்துவ நோபலில் பங்கு கிடைத்தது. ஆல்கஹால் என்ன செய்கிறது என்றால், அந்த 42-ஐ 34 வாக்கில் இறக்கிவிடுகிறது. நம் முகமே கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. ஆக, நம் கன்னத்துச் சூடே நம்மைச் சுடுகிற மாதிரி நரம்புக்குத் தோன்றுகிறது. கிருமி சாகிறதா இல்லையா என்பதற்கும் அந்தக் காந்தலுக்கும் சம்பந்தமே இல்லை. அப்பாவிடம் சொன்னேன், "அதெல்லாம் இருக்கட்டும்" என்றுவிட்டார்.

ஆல்கஹாலுக்கு ஒரு காலத்தில் வேலை இருந்தது என்பதும் நிஜம். ஒரே சவரக்கத்தியை வாரில் தீட்டித் தீட்டி ஊருக்கெல்லாம் வழித்த காலத்தில் வெட்டுப்பட்ட இடத்துக்கு ஸ்பிரிட் தேவைதான். இன்று வீட்டில் உங்கள் சொந்த பிளேடில், சுத்தமான தண்ணீரில் கழுவிக்கொண்டு செய்கிற சவரத்துக்குக் கிருமிநாசினி என்று தனியாக எதுவும் அவசியமில்லை. பிளேடு முடியோடு சேர்த்து மேல்தோலின் ஒரு மெல்லிய படலத்தையும் சுரண்டிக்கொண்டு போகிறது, சோப்பு எண்ணெய்ப் பசையைக் கழுவிவிடுகிறது. அந்த நேரத்தில் தோலுக்கு வேண்டியது மூடாக்குதான். ஆல்கஹால் மிச்சமிருக்கிற பசையையும் கரைத்துக்கொண்டு ஆவியாகிவிடும்.

நான் மாற்றியதைச் சொல்கிறேன். டாக்டர் ஹோட்டலுக்கு ஒரு கடிதம் கொடுத்தார், ஒட்ட வழிக்கக் கூடாது, ஒரு மில்லிமீட்டர் விட்டு டிரிம்மர் போடலாம் என்று. ஆபீசில் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். இதைக் கேட்கலாம் என்றே எனக்கு மூன்று வருடம் தெரியாது! ஓட்டல், செக்யூரிட்டி, விமான சேவை மாதிரி வேலையில் இருக்கிறவர்கள் சீட்டோடு போய்க் கேட்டுப் பாருங்கள், மறுத்தாலும் நஷ்டமில்லை.

இரண்டு மாதம் டிரிம்மர். அப்புறம் ஒற்றை பிளேடு. ஜில்லெட் கார்டு என்று 2010-ல் இந்தியாவுக்கென்றே ஒரு ரேசர் வந்தது, ஒரே பிளேடு, அப்போது 15 ரூபாய். குழாய்த் தண்ணீர் ஓடாமல், ஒரு மக் தண்ணீரில் முக்கி முக்கி வழிக்கிறவர்களுக்காக முடி அடைக்காதபடி செய்தது. அது எனக்குச் சரிப்பட்டது, பழைய இரட்டை முனை பிளேடு போடுகிற ரேசரும் சரிப்படும், கை மட்டும் கொஞ்சம் பழக வேண்டும். குளித்து முடித்த பிறகு சவரம், ஏனென்றால் நனைந்து ஊறிய முடி வெட்டுவதற்கு இளகிக் கொடுக்கும், வெறும் இரண்டு மூன்று நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீர் போதும். எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரிதிரியாகப் படியும், அதனால் சவரத்துக்கு மட்டும் ஒரு மக் கேன் தண்ணீர் வைத்துக்கொள்கிறேன், மனைவிக்கு இது ஆடம்பரமாகத் தெரிகிறது. முடி போகிற திசையிலேயே, அழுத்தாமல், ஒரு இடத்தில் ஒரு தடவை. கழுத்தில் முடி எந்தத் திசையில் போகிறது என்று மூன்று நாள் வளரவிட்டு விரலால் தடவிப் பார்த்தால்தான் தெரியும், எனக்கு வலது பக்கம் கீழேயும் இடது பக்கம் குறுக்காகவும் போகிறது, இத்தனை வருடம் அது தெரியாமலே மேய்ந்திருக்கிறேன். ஐந்தாறு சவரத்துக்கு ஒரு பிளேடு, முடிந்ததும் உதறி, குளியலறைக்கு வெளியே காயவைப்பேன்.

முடித்த பிறகு பச்சைத் தண்ணீரில் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் வாசனை இல்லாத சாதாரண மாய்ச்சரைசர் ஒரு பட்டாணி அளவு. அவ்வளவுதான். ஆஃப்டர்ஷேவ் பாம் (balm) என்று கிரீம் மாதிரி விற்பதும் பெரும்பாலும் இதே ரகம்தான், வாசனையும் விலையும் கூட இருக்கும். கிளிசரின், பாந்தினால், அலன்டாயின், நியாசினமைடு இதில் எது இருந்தாலும் நல்லது. எரிச்சலான நாளில் ரோஸ் நிற கேலமைன் லோஷன் மெல்லிசாகப் போடுவேன், ஆனால் அது உலர்த்தும், தினம் வேண்டாம்.

வாங்கும்போது பின்பக்கப் பட்டியலைப் படியுங்கள், அளவில் அதிகமானதைத்தான் முதலில் எழுதுவார்கள். ஆல்கஹால் டினேச்சர்ட், எஸ்டி ஆல்கஹால் என்று முதலிலேயே வந்தால் அது எரிகிற சரக்கு. ஆனால் செட்டைல் ஆல்கஹால், செட்டோஸ்டெரைல் ஆல்கஹால் என்பவை பெயரில் மட்டும்தான் ஆல்கஹால், மெழுகு மாதிரிக் கொழுப்புப் பொருள், தோலுக்கு இதம். நான் இது தெரியாமல் ஒரு நல்ல கிரீமைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மென்தால் சில்லென்று இருக்கும், அதற்கு மேல் அதனால் பயன் ஒன்றும் இல்லை, சிலருக்கு அதுவே அரிக்கும். புதிதாக எது வாங்கினாலும் முழங்கைக்கு உள்பக்கம் இரண்டு மூன்று நாள் தடவிப் பார்த்துவிட்டுக் கழுத்துக்குக் கொண்டுபோங்கள்.

படிகாரத்தை மறந்துவிட முடியாது. சலூன் அண்ணன் ஈரக் கன்னத்தில் அந்தக் கண்ணாடிக் கட்டியைத் தேய்க்கும்போது வருகிற இழுப்பு எனக்கு இன்றும் பிடிக்கும். வெட்டுப்பட்ட இடத்தில் ரத்தத்தை உறையவைத்து நிறுத்துவதில் அதை அடிக்க ஒன்றுமில்லை, பத்து ரூபாய்க் கட்டி வருடக்கணக்கில் வரும். ஆனால் முகம் முழுக்கத் தினமும் தேய்த்தால் தோல் வறண்டு இழுக்கும், அதனால் வெட்டுப்பட்ட இடத்தில் மட்டும் வைத்து, அரை நிமிடம் கழித்துக் கழுவிவிடுவது என் வழக்கம். சலூனில் ஒரே கட்டியைப் பத்துப் பேர் கன்னத்தில் ஓட்டுகிறார்கள் என்பதால் அங்கே வேண்டாம் என்றுவிடுவேன், "அண்ணே, தண்ணி மட்டும் அடிச்சு விடுங்க" என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பிளேடை மட்டும் கண் முன்னால் உறை பிரித்து மாட்டச் சொல்லுங்கள், மஞ்சள் காமாலை பி, சி எல்லாம் ரத்தம் பட்ட பிளேடில் பரவக்கூடியவை.

வீட்டு வைத்தியத்தில் எலுமிச்சையைத் தவிர்த்துவிடுங்கள். எங்கள் ஹோட்டல் பாரில் வேலை செய்த நண்பன் நீச்சல் குளத்தோரம் வெயிலில் நின்று எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தவன், ஒரு வாரத்தில் கைவிரல்களில் பழுப்பு நிறத்தில் திட்டுத் திட்டாக வந்துவிட்டது. எலுமிச்சைத் தோலில் இருக்கிற ஒரு பொருள் தோலில் பட்டு அதன்மேல் வெயிலும் பட்டால் வெந்துவிடும். அதே பொருள்தான் பழைய கொலோன்களில் சேர்த்த பெர்கமாட் எண்ணெயிலும், கழுத்தில் வழிந்த வடிவத்திலேயே கருப்புக் கோடு விழுமாம். சோற்றுக்கற்றாழை நல்லது, ஆனால் வெட்டியதும் வடிகிற மஞ்சள் பாலை முழுக்க வடியவிட்டுக் கழுவி, உள்ளே இருக்கிற கண்ணாடிச் சோற்றை மட்டும் எடுக்க வேண்டும், அந்தப் பால் அரிக்கும். தேங்காய் எண்ணெய் சிலருக்கு ஒத்துவரும், பரு வருகிற தோலுக்கு வராது, எனக்கு வரவில்லை.

கருப்புத் தழும்பு போக எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நம் நிறத் தோலில் எந்த எரிச்சலும் போகும்போது ஒரு கறையை விட்டுத்தான் போகிறது, வெயில் பட்டால் அது இன்னும் கறுக்கும், அதனால் சவரம் செய்த நாளில் பைக் எடுக்கிறவர்கள் கழுத்துக்கும் சேர்த்து சன்ஸ்கிரீன் போடுங்கள். சீழ் பெரிதாகி வலித்தாலோ, வட்டமாகப் படர்ந்து ஓரத்தில் செதில் உதிர்ந்தாலோ அது வேறு சங்கதி, படர்தாமரையாகக்கூட இருக்கலாம், டாக்டரிடம் போய்விடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஆஃப்டர்ஷேவே கூடாதா என்றால், அப்படியெல்லாம் நான் சொல்லமாட்டேன். எண்ணெய் வழிகிற தோல், நேரான முடி, பொரி கிடையாது, போட்டுப் பத்து நிமிடத்தில் எரிச்சல் மறைந்துவிடுகிறது, மதியம் கன்னம் இழுக்கவில்லை என்றால் தாராளமாகப் போடுங்கள். சென்னைப் புழுக்கத்தில் பாம் பிசுபிசுக்கிறது, சிலருக்கு அந்த லோஷன்தான் சுகம், அதுவும் நியாயம்தான். எனக்கு அந்த வாசனை இல்லாமல் இருக்க முடியாது, கல்யாணம் காட்சி என்றால் சட்டையில் இரண்டு துளி போட்டுக்கொள்கிறேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவுக்கும் ஒரு பாம் வாங்கிப் போனேன். எழுபதை நெருங்குகிறார், இன்றுவரை கழுத்தில் ஒரு பொரி வந்ததில்லை அவருக்கு, கம்பி மாதிரி நேர் முடி. காலையில் கன்னத்தில் கொஞ்சம் தடவிவிட்டு நின்றார், ஏதாவது நடக்கும் என்று காத்திருந்த மாதிரி. "என்னடா, ஒண்ணுமே பண்ணலையே" என்று கழுவிவிட்டு, பழைய புட்டியை எடுத்து ஊற்றிக்கொண்டு ஸ்ஸ்ஸ் என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மாசி மாதம் போன் பேசும்போது அவரே சொன்னார்: "அந்தக் கிரீம் தீந்துபோச்சுடா, இன்னொண்ணு வாங்கி அனுப்பு. குதிகால் வெடிப்புக்கு நல்லா கேக்குது."